நீலத்தாளில் சுற்றிய பஞ்சு

பூனா,
14.7.1986

அன்புள்ள ஐயாதுரை அண்ணனுக்கு,

தங்கை கிருபாபாய் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் இங்கே சுகம். அப்பாவின் முட்டுவலி எப்படி இருக்கிறது, தங்கபாய் மதினி எப்படி இருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். ஆனால் இன்றைக்கு நான் பேனாவை எடுத்தது அதற்காக இல்லை. ஏறிவிட்டது அண்ணே! என் கிருமி ஏறிவிட்டது!

என்ன ஏறியது என்று முழிக்காதீர்கள், சொல்கிறேன். ஒரு கண்ணாடிக் குழாயில் கிருமிகள் கலந்த தண்ணீர் இருக்கும். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கலாகத் தெரியும். அதன்மேல் ஹெக்சாடெக்கேன் என்று ஓர் எண்ணெய் விடுவோம். மண்ணெண்ணெய்க்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் நாற்றம் கிடையாது. நன்றாகக் குலுக்கி நிறுத்தி வைத்தால் எண்ணெய் மேலே வந்துவிடும். சாதாரணக் கிருமி தண்ணீரிலேயே கிடக்கும். ஆறாத புண்ணிலிருந்து எடுத்த என் கிருமியோ எண்ணெயைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டது! கீழே தண்ணீர் தெளிந்துவிட்டது, குழாய்க்குப் பின்னால் தொங்கிய காலண்டரில் கிழமையை அதன் வழியாகவே வாசித்தேன். நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள்.

எல்லாம் கிருமியின் மேல்தோலில் இருக்கிறது அண்ணே. அதில் சர்க்கரைப் பொருள் அதிகமென்றால் அதற்குத் தண்ணீர் பிடிக்கும். சில வகைப் புரதம் முடி மாதிரி முளைத்திருந்தால் தண்ணீரே ஆகாது, எண்ணெயைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுகிற சாதிதான் புண்ணிலும் தையல் நூலிலும் நோயாளிக்குச் சொருகும் ரப்பர் குழாயிலும் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. இது என் யூகம். இதைத்தான் நான் நிரூபிக்க வேண்டும்.

வருகிற மார்ச்சில் என் ஆராய்ச்சியைப் பார்க்கக் கமிட்டி கூடும். ஒரு தடவை ஏறினால் போதாது, எப்போது செய்தாலும் ஏற வேண்டும். இல்லாவிட்டால் என் பிஎச்.டி. பதிவை ரத்துசெய்து அனுப்பிவிடுவார்கள். அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? "அங்கன ஒண்ணும் ஆவலைன்னா பேசாம வந்து பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலையப் பாக்கணும்." அதற்குத் தலையாட்டிவிட்டு வந்தவள் நான். அவரோடு சண்டை போட்டு என்னை ரயிலேற்றியவர் நீங்கள். ஆகையால் பாதிப் பயம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஓர் உதவி வேண்டும். குடுவைகளின் வாயைப் பஞ்சால்தான் அடைக்கிறோம். இங்கே ஸ்டோரில் தருகிற பஞ்சில் பாதி கொட்டை, பாதி சருகு. ஆஸ்பத்திரிப் பஞ்சு செய்கிற ஊரிலிருந்து வந்துவிட்டு இதைத் தொடவே வெட்கமாக இருக்கிறது.

கர்த்தர் நம் வீட்டைக் காக்கட்டும்.
கிருபா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
28.7.1986

என் அருமைத் தங்கச்சி கிருபாவுக்கு,

உன் அண்ணன் ஐயாதுரையின் அன்பும் ஆசீர்வாதமும். அப்பா நடக்கிறார், மதினி அதட்டுகிறாள், நான் கேட்டுக்கொள்கிறேன். ஆக எல்லாரும் அவரவர் வழக்கப்படி சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். ராஜபாளையத்தில் எங்கள் ஆலைக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். பஞ்சை மூட்டையாகப் பேல் கட்டுகிற பொன்னுராஜ், "அண்ணாச்சி, கிருமிக்கு முடி மொளைக்குமா? எனக்கே கொட்டிப்போச்சே" என்று தலையைத் தடவுகிறான். அப்பா மட்டும், "ஒட்டுனா ஒட்டட்டும், மொதல்ல அவ ஒடம்பப் பாத்துக்கிடச் சொல்லு" என்றார். ஆனாலும் கடிதத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை, பைபிளுக்குள் வைத்திருக்கிறார்.

உன் கிருமி கதை எனக்குப் புதிதில்லை. பருத்தியின் மேலும் மெழுகு உண்டு. பறித்த பருத்தியைத் தண்ணீரில் போட்டால் நாள் முழுக்க மிதக்கும். நாங்கள் கொப்பரையில் காஸ்டிக் சோடாவோடு வேகவைத்து, மெழுகை எடுத்து, வெளுத்து அலசிய பிறகுதான் முழுகும். எவ்வளவு சீக்கிரம் முழுகுகிறதோ அவ்வளவு உசத்திப் பஞ்சு. உன் கிருமி வேகவைக்காத பருத்தி, மற்றது வேகவைத்தது. நான் சொல்வது சரிதானே?

இங்கே கரண்ட் வெட்டு பாடாய்ப் படுத்துகிறது. பாதி வேகும்போதே நின்றுவிடும். மெழுகு மிச்சமிருந்து பஞ்சு மாப்பிள்ளை மாதிரி மிதந்துகொண்டே இருக்கும். அதற்கு உன் அண்ணன் நான் ஒரு யுக்தி கண்டுபிடித்தேன். சாயப்பட்டறைக்காரர்கள் துணி சீக்கிரம் நனைவதற்கு ஊற்றுகிற வெட்டிங் ஆயிலைக் கடைசி அலசலில் கொஞ்சம் ஊற்றினேன். இப்போது பஞ்சு தண்ணீரில் பட்டதும் கல் மாதிரி முழுகுகிறது! முதலாளி முதுகில் தட்டினார். வெளுப்புப் பிரிவு முழுக்க இனி என் பொறுப்பு.

அந்தப் பஞ்சில் ஒரு பார்சல் இத்தோடு வருகிறது. ஊரிலேயே நல்ல பஞ்சு உன் குடுவைக்குத்தான். அடுத்த வாரம் ஆடிப்பூரத் தேர், ஊருக்குள் பஸ் வராது, அதனால் இப்போதே அனுப்பிவிட்டேன்.

தேவ கிருபை உன்னோடு இருப்பதாக.
ஐயாதுரை


பூனா,
20.8.1986

பிரியமுள்ள அண்ணனுக்கு,

கிருபாவின் ஸ்தோத்திரம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பசிதான் அதிகம். அப்பாவும் மதினியும் நீங்களும் சௌகரியமாக இருக்க ஜெபிக்கிறேன்.

பார்சல் வந்தது! ஸ்ரீவில்லிபுத்தூர் முத்திரையைப் பார்த்ததும் பால்கோவா என்று ஆறு பேர் கூடிவிட்டார்கள். பிரித்தால் நீலத்தாளில் சுற்றிய பஞ்சு. எல்லார் முகமும் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே! ஆனால் தொட்டுப் பார்த்ததும் ஆளுக்கொரு பிடி கேட்டார்கள். எங்கள் பேராசிரியை ஆப்தே அம்மா கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "எங்க அண்ணன் வெளுத்தது" என்று நான் சொல்லாத ஆள் இந்தக் கட்டடத்தில் இல்லை.

ஒரு சீனியர் மட்டும் மூக்கைச் சுளித்தாள். அடைப்புக்குத் தண்ணீர் உறிஞ்சாத பஞ்சுதான் போட வேண்டுமாம், அது சருகாக இருந்தாலும் பரவாயில்லையாம். "புண்ணில் வைக்கிற சுத்தம் குடுவை வாய்க்குப் போதாதா?" என்று கேட்டேன். அவள் தன் மேசைக்குப் போய்விட்டாள். பழைய அடைப்பையெல்லாம் வீசிவிட்டு எல்லாக் குடுவைக்கும் உங்கள் பஞ்சுதான் வைத்திருக்கிறேன். வரிசையாக வெள்ளைத் தொப்பி போட்ட மாதிரி என்ன அழகு!

பருத்தி உதாரணம் மிகச் சரி. ஆப்தே அம்மாவிடம் சொன்னேன், சிரித்துவிட்டு எழுதி வைத்துக்கொண்டார். இன்னொன்றும் கேளுங்கள். கிருமிகளின் மேல் ஒரு சின்ன மின்சாரம் உண்டு, எண்ணெய்த் துளியின் மேலும் அதே மின்சாரம். ஒன்றையொன்று தள்ளும். தண்ணீரில் துளி உப்புச் சேர்த்தால் அந்தத் தள்ளல் அடங்கி, கிருமி இன்னும் கிட்டத்தில் போய் ஒட்டும். அடுத்தது அதுதான். அதற்குப் பிறகு கிருமியின் அந்தப் புரத முடியைச் சிரைத்துவிட்டு ஏறுகிறதா என்று பார்க்கப் போகிறேன். எனக்குத் தூக்கமே வரவில்லை அண்ணே, சந்தோஷத்தில்!

இயேசு உங்களைத் தாங்கட்டும்.
கிருபா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
25.9.1986

அன்புத் தங்கச்சிக்கு,

ஆசீர்வாதம். எல்லாரும் நலம், உன் சேதி வந்தால் இன்னும் நலம்.

உப்புப் போட்டாயா? முடியைச் சிரைத்தாயா? ஏறியதா, இறங்கியதா? சபையில் உபதேசியார், "தங்கச்சி கிருமி எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நின்று உன் சோதனையை விளக்கினேன். அந்த ஹெக்சாடெக்கேனுக்குப் பதில் தேங்காயெண்ணெய் என்று சொல்லிவிட்டேன், கோபிக்காதே.

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. வேலை மும்முரம் என்று மதினி சொல்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
ஐயாதுரை


பூனா,
2.11.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நான் நலம். வேலை நடக்கிறது. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு முட்டுக்குத் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸுக்கு வருவது சந்தேகம்.

கிருபா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
15.11.1986

என் தங்கத்துக்கு,

அண்ணனின் அன்பு வாழ்த்துகள். இங்கே ஒரு குறையும் இல்லை. உன்னிடம்தான் ஏதோ குறை.

இது என்ன கடிதம்? தந்திகூட இதைவிட நீளமாக இருக்குமே! அஞ்சலட்டையில் பாதி காலியாகக் கிடக்கிறது. சின்ன வயதில் நீ பரீட்சையில் மார்க் குறைந்தால் இப்படித்தான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாய். என்ன ஆயிற்று? உடம்பா, மனசா, இல்லை ஆப்தே அம்மா திட்டினாரா?

என்னவோ எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது பஞ்சு ஒன்றுதான். முதலில் அனுப்பியது தீர்ந்திருக்கும் என்று இன்னொரு பார்சல் போட்டிருக்கிறேன். முன்னதைவிட இது இன்னும் மிருது. வெட்டிங் ஆயிலை ஒரு கை தாராளமாகவே விட்டேன், உனக்கென்று தனியாக அலசியது.

கிறிஸ்துமஸுக்கு வா. வராவிட்டால் மதினி அதிரசத்தை எனக்கும் தர மாட்டேன் என்கிறாள்.

கர்த்தர் உன்னை ஆதரிப்பாராக.
ஐயாதுரை


பூனா,
5.1.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் சுகம், எல்லாரும் சுகமென்று நம்புகிறேன். பஞ்சு வந்தது, ரொம்ப நன்றி. எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள், வேலை.

வேறொன்றுமில்லை, ஒரு சின்ன சந்தேகம். கடைசி அலசலில் ஊற்றுகிறீர்களே அந்த வெட்டிங் ஆயில், அதன் பெயர் என்ன, யார் செய்கிறார்கள்? டின்னில் ஏதாவது எழுதியிருக்கும். சும்மா தெரிந்துகொள்ளத்தான். அவசரமில்லை.

கிருபா


பூனா,
5.1.1987

பிரியமுள்ள மதினிக்கு,

ஸ்தோத்திரம். இதை உங்கள் செட்டியார்பட்டி பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். காரணம் இருக்கிறது. அண்ணன் கண்ணில் பட வேண்டாம்.

மதினி, ஆகஸ்டிலிருந்து என் கிருமி ஒரு நாளும் ஏறவில்லை. தண்ணீர் கலங்கலாகவே நிற்கும். தண்ணீரை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன், கண்ணாடியையெல்லாம் அமிலத்தில் கழுவினேன். கிருமியே குணம் மாறிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதிதாக எடுத்துவந்தேன். அதுவும் ஏறவில்லை. ஜூலையில் ஏறியது நான் கண்ட கனவோ என்றுகூட நினைத்தேன். ஆப்தே அம்மா தன்மையாகத்தான் பேசினார். "மார்ச் வரை பார்ப்போம், பிறகு ஊருக்குப் போய் நிம்மதியாக இரு" என்றார். அன்றைக்கு அறைக்கு வந்து அழுதேன். அண்ணனுக்கு என்னவென்று எழுதுவது?

கிறிஸ்துமஸ் லீவில் எல்லாரும் போய்விட்டார்கள். அலமாரிக்குப் பின்னால் ஜூலையில் நான் மறந்துவிட்ட ஒரு குடுவை கிடந்தது, வாயில் ஸ்டோர் பஞ்சு, கொட்டையும் சருகுமாக. சுத்தம் செய்து அதே அடைப்போடு அதில் கிருமியை வளர்த்தேன். ஏறியது மதினி! தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிந்தது. நான் குதித்தேன், பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குடுவைக்கும் மற்றக் குடுவைகளுக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்.

அண்ணனுடைய பஞ்சைச் சுத்தத் தண்ணீரில் ஊறவைத்துக் குலுக்கினேன். சவுக்காரத் தண்ணீர் மாதிரி நுரை நின்றது. அண்ணன் கடைசி அலசலில் ஊற்றுகிற வெட்டிங் ஆயில் பெயரில்தான் ஆயில், குணத்தில் சவுக்காரம். குடுவையை இயந்திரம் குலுக்கும்போது உள்ளே இருப்பது தெறித்துப் பஞ்சில் படும். உறிஞ்சாத பஞ்சென்றால் வழிந்துவிடும். இது குடித்துவிட்டுச் சொட்டுச் சொட்டாய்த் திரும்ப விடும், அந்த ஆயிலையும் சேர்த்து. அது கிருமியின் மேல் பூசிக்கொண்டு, எண்ணெயைத் தேடுகிற தோலை மூடிவிடுகிறது.

அண்ணன் எதையும் மறைக்கவில்லை. ஜூலையிலேயே பெருமையாக எழுதியிருந்தார். நானும் பெருமையாகத்தான் வாசித்தேன்.

பஞ்சுதான் காரணம் என்று கமிட்டியில் காட்டவேண்டுமென்றால் அந்த ஆயிலின் பெயரும் கொஞ்சம் ஆயிலும் வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ சாக்குச் சொல்கிறாள் என்பார்கள். ஆனால் இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வேன்? எனக்காகத் தனியாக அலசி அனுப்பினாராம். தெரிந்தால் அவருக்கு மனசு விட்டுப்போகும். பெயரை மட்டும் கேட்டு எழுதியிருக்கிறேன். நீங்கள் வாய் திறக்கக் கூடாது, சத்தியம்.

உங்கள்
கிருபா


செட்டியார்பட்டி,
5.2.1987

அன்பு நாத்தனார் கிருபாவுக்கு,

மதினியின் வாழ்த்தும் முத்தமும். மாமா சுகம். நான் சுகம். உங்க அண்ணனைப் பற்றி மட்டும் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு எழுதுகிறேன், எழுத்து கோணினால் அவர்கள்தான் காரணம்.

நான் வாய் திறக்கவில்லை. திறக்க அவசியமே வரவில்லை. உங்க அண்ணனுக்கு நீ எழுதின கடிதம் வந்த அன்றைக்கு அவிய அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார்கள். பிறகு என்னிடம், "தங்கபாயி, இந்தப் பிள்ள பொறந்ததுல இருந்து எதையாவது சும்மா தெரிஞ்சுக்கக் கேட்டிருக்கா?" என்றார்கள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஆலையிலிருந்து பஞ்சு கொண்டுவந்தார்கள். வீட்டிலிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலையெல்லாம் காலி செய்து, பஞ்சை ஊறவைத்து, குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்கள். இந்த வாரத்துப் பஞ்சு ஒரு பாட்டிலில், போன வருசத்துப் பஞ்சு ஒன்றில், ஆயிலே விடாமல் அலசியது ஒன்றில். என் சமையலறைப் பலகை முழுக்க நுரை. ஒருநாள் காப்பியில் சவுக்கார வாடை அடித்தது, மாமா தம்ளரோடு எழுந்து போய்விட்டார். ஆயில் விடாத பாட்டிலில் மட்டும் நுரை நிற்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே, "ஏட்டி, நான் அந்தப் பிள்ளைக்குச் சோப்புத் தண்ணியல்லா அனுப்பியிருக்கேன்" என்றார்கள். கண் நிறைந்துவிட்டது கிருபா, பத்து வருசத்தில் நான் பார்க்காதது.

இது உன் குடுவையோடு போகவில்லை. ஆஸ்பத்திரிப் பஞ்சில் நுரை வரக்கூடாது என்று மருந்துச் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறதாம். அவிய எங்கேயோ போய் விசாரித்து வந்தார்கள். நுரை நின்ற பாட்டில் ஒன்றையும் நிற்காததையும் எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போய்விட்டார்கள். பொன்னுராஜ்தான் எனக்கு வந்து சொன்னான். முதலாளிக்குக் கோபம் வந்தால் தெலுங்குதான் வரும். "ஏமய்யா இதி? என்னய்யா இது? யாரு ஊத்தச் சொன்னது?" என்று கத்தியிருக்கிறார். "நாந்தான் மொதலாளி. எனக்குத் தெரியல. இப்பத் தெரிஞ்சுபோச்சு, அனுப்பக் கூடாது" என்றார்களாம். முதலாளியும் நல்ல மனுசர்தான். கிடங்கிலிருந்த பஞ்சை முழுக்கத் திரும்ப வேகவைக்கச் சொல்லிவிட்டார், வெளியே போனதையும் திரும்ப வரவழைக்கிறார்கள். ஆனால் வெளுப்புப் பிரிவு இப்போது வேறு ஆளிடம். உங்க அண்ணன் பேல் கட்டுகிற இடத்தில் பொன்னுராஜுக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, "சோலி இப்ப ரொம்ப லேசு" என்கிறார்கள். உனக்கும் அப்படித்தான் எழுதுவார்கள். நம்பாதே, ஆனால் நம்பின மாதிரி இரு.

தங்கபாய் மதினி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
8.2.1987

என் அருமைக் கிருபாவுக்கு,

அண்ணனின் ஆசீர்வாதம். நான் பரம சௌக்கியம். ஆலையில் சோலி இப்போது ரொம்ப லேசு, கொப்பரைச் சூடு இல்லை, உட்கார்ந்தே செய்கிறேன். தாமதமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நான் கொஞ்சம் பாட்டில் குலுக்க வேண்டியிருந்தது.

நீ கேட்ட சங்கதி இதோ. ஆயில் ஒரு மருந்துப் பாட்டிலில் வருகிறது, டின்னின் மேலிருந்த சீட்டைக் கிழித்து அதிலேயே சுற்றியிருக்கிறேன். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு ஊற்றினேன் என்பதும் அதில் எழுதியிருக்கிறது. ஒரு கை தாராளம் என்று எழுதினேனே, அந்தக் கை எவ்வளவு என்று அளந்தே எழுதியிருக்கிறேன்.

கூடவே ஒரு சாக்குப் பையில் ஜின்னிங் மில்லிலிருந்து நேரே வாங்கிய பருத்தி. கொட்டை எடுத்தது, மற்றபடி மெழுகோடு இருக்கிறது. அழகாக இருக்காது, பழுப்படித்திருக்கும். ஆனால் தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு வேலைக்குப் போய் வந்து பார்த்தேன், அப்போதும் மிதந்தது. உன் குடுவைக்கு இதுதான் தொப்பி.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேள். கமிட்டியில் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கடையில் வாங்கிய பஞ்சு என்று சொல்லி என்னைக் காப்பாற்றாதே. ராஜபாளையத்துப் பஞ்சு, வெளுத்தவன் ஐயாதுரை, ஆயில் ஊற்றியது அவன் யுக்தி என்று சொல். அப்போதுதான் உன் பேச்சு முழுசாக இருக்கும். பாதி சொன்னால் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

ஏற வேண்டும் கிருபா. ராவும் பகலும் அதே நினைப்பு. ஏறினால் தந்தி அடி.

ஐயாதுரை


பூனா,
16.3.1987

என் அண்ணனுக்கு,

தந்தி வந்திருக்கும். இருந்தாலும் திரும்ப எழுதுகிறேன். ஏறியது! ஏறியது! ஏறியது! என் பதிவு உறுதியாகிவிட்டது. நான் நலம் என்று எழுதுவதற்கு இன்றைக்குத்தான் முழு உரிமை இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். கமிட்டியில் ஐந்து பேர். நான் படம் காட்டவில்லை, பேசவும் ஆரம்பிக்கவில்லை. மேசைமேல் மூன்று குழாய் வைத்தேன். முதல் குழாயில் நீங்கள் அனுப்பிய பழுப்புப் பருத்தி அடைத்து வளர்த்த என் கிருமி. குலுக்கினேன், நிறுத்தினேன். பார்க்கப் பார்க்கத் தண்ணீர் தெளிந்தது. இரண்டாவதில் புரத முடியைச் சிரைத்துவிட்ட அதே கிருமி. ஏறவில்லை. மூன்றாவதில் முடியோடு இருக்கும் கிருமி, ஆனால் உங்கள் ஆயில் ஒரு துளி. அதுவும் ஏறவில்லை! முடியைச் சிரைத்தாலும் சரி, மூடினாலும் சரி, ஒட்டுகிற குணம் போய்விடுகிறது. அப்படியென்றால் ஒட்டுவது அந்தத் தோலின் வேலைதான். என் யூகம் சரி அண்ணே. ஓர் இரும்பு மனிதர் இருந்தார், முதலிலிருந்து முகத்தையே தூக்கவில்லை. அவரே எழுந்து வந்து மூன்றாவது குழாயைத் தன் கையால் குலுக்கிப் பார்த்தார். ஆப்தே அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், சத்தியமாக!

பிறகுதான் அந்த மனிதர் கேட்டார். "ஆகஸ்டில் பஞ்சு மாறியது, ஆகஸ்டிலேயே சோதனை கெட்டது. எந்த மாணவியும் முதலில் பஞ்சைத்தானே பார்ப்பாள்? நீ ஏன் டிசம்பர்வரை பார்க்கவில்லை?"

நீங்கள் சொன்னபடியே சொன்னேன். ஊரைச் சொன்னேன், பெயரைச் சொன்னேன், வெட்டிங் ஆயிலைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "ஐயா, தண்ணீரைச் சந்தேகப்பட்டேன், கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன், என் கையைச் சந்தேகப்பட்டேன். அந்தப் பஞ்சை அனுப்பியது என் அண்ணன். அதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் தன் குறிப்பில் ஏதோ எழுதிவிட்டு, "உட்காரம்மா" என்றார்.

இன்னொரு விஷயம். உங்களைப் பேல் கட்டுகிற இடத்துக்கு மாற்றியது எனக்குத் தெரியும். மதினியைத் திட்டாதீர்கள். "உட்கார்ந்தே செய்கிறேன்" என்று எழுதியிருந்தீர்களே, உங்களை எனக்குத் தெரியாதா? நான் உங்களுக்காக மறைத்தேன், நீங்கள் எனக்காக மறைத்தீர்கள், நம் இருவருக்கும் நடுவில் பாவம் மதினி. என்னால் உங்கள் பொறுப்பு போய்விட்டதே என்று நினைத்தால் இந்தச் சந்தோஷம் பாதியாகிவிடுகிறது.

அப்பாவிடம் சொல்லுங்கள், டீச்சர் வேலை இப்போதைக்கு வேண்டாம் என்று.

உங்கள்
கிருபா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
25.3.1987

என் தங்கச்சி டாக்டருக்கு, இன்னும் ஆகவில்லை என்பாய், எனக்கு ஆகிவிட்டது,

அண்ணனின் ஆயிரம் ஆசீர்வாதம். வீட்டில் எல்லாருக்கும் சுகம், அதிலும் அப்பாவுக்கு முட்டுவலியே போய்விட்டது. உன் தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஜார் முழுக்க நடந்தார். கேட்டவர்களிடமெல்லாம், "எம்புள்ளைக்குக் கிருமி ஏறிருச்சி" என்றாராம். இரண்டு பேர் வீட்டுக்கு வந்து உனக்கு என்ன சீக்கு என்று விசாரித்துப் போனார்கள்.

நான் பேல்தான் கட்டுகிறேன். வெளுப்புக்குத் திரும்பக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ, அது முதலாளி இஷ்டம். இப்போது கரண்ட் போனால் காத்திருந்து முழுக்க வேகவைக்கிறார்கள், பஞ்சு தன்னால் முழுகுகிறது, நுரை இல்லை. என் கையால் கட்டி அனுப்புகிற பேலை எந்தப் புண்ணிலும் வைக்கலாம். அந்த நிம்மதி போதும், இதில் நீ அழ ஒன்றும் கிடையாது.

உன் கடிதத்தில் ஓர் இடம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் அனுப்பியதைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை என்று அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் சொன்னாயே. வாசித்துவிட்டு நான் கொல்லைப் பக்கம் போய்ச் செத்த நேரம் நின்றேன். மதினி கூப்பிட்டும் வரவில்லை. அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறேன், யாருக்கும் தர மாட்டேன்.

ஆனால் கிருபா, நான்கு மாதம் அழுதிருக்கிறாய், மதினி இப்போதுதான் சொன்னாள். இனி எது ஏறாவிட்டாலும், எது கெட்டாலும், தண்ணீரையும் கண்ணாடியையும் உன் கையையும் பிறகு பார். முதலில் என்னைச் சந்தேகப்படு. எனக்கு வலிக்காது.

ஐயாதுரை